ஹார்ட் அட்டாக் இல்லை.. அப்புறம்?

நெஞ்சுவலி என்று ஓடினால் ஈஸிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்க்கிறார்கள். பார்த்தே ஆகவேண்டும், அதில் சமரசம் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் பல இடங்களில் "ஒண்ணுமில்லை, கேஸ்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வலித்தது நிஜம். அப்படியிருக்க "ஒண்ணுமில்லை" எப்படிப் பதிலாகும்?

இது பழைய கேள்விதான். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று பல சிப்பாய்கள் ஜேக்கப் டகோஸ்டா என்ற பிலடெல்ஃபியா டாக்டரிடம் வந்தார்கள். இதயத்தில் பழுது எதுவும் தெரியவில்லை. மனிதர் அதோடு விடவில்லை. கடும் போர்க்கள வேலையா, ஜுரமா, வயிற்றுப்போக்கா என்று முன்கதையைத் தேடினார். 300க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 1871ல் கட்டுரை எழுதினார்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இதே தொல்லை. தாமஸ் லூயிஸ் அவர்களுக்குப் படிப்படியாக உடற்பயிற்சி கொடுத்துத் தேற்றினார். 1941ல் பால் வுட், இதன் வேர் மனப்பதற்றத்தில் இருக்கிறது என்றார்.

மனசு மட்டும்தானா? இல்லை. விலா எலும்பு குருத்தெலும்போடு சேரும் இடத்தில் வீங்கி வலிப்பதை 1921ல் டீட்ஸே விவரித்தார். 1958ல் பெர்ன்ஸ்டீன், உணவுக்குழாயில் நீர்த்த அமிலத்தை விட்டு, அதே வலி வருகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சொன்னார். ஆஞ்சியோகிராம் வந்தபின், பெரிய குழாய்களில் அடைப்பே இல்லாமல் வலிப்பவர்கள் தெரியவந்தார்கள். 1973ல் அதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார்கள். அவர்களில் சிலருக்குக் கோளாறு இதயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் என்பது பிறகுதான் புரிந்தது. ஆக, "அட்டாக் இல்லை" என்றால் "இதயம் இல்லை" என்றுகூட அர்த்தமில்லை!

வங்கியில் கணக்கு புரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடுவோம். யாருடையது என்று கண்டுபிடித்துத் தீர்க்கும்வரை ஆடிட்டர் விடமாட்டார். இங்கே நாக்பூரில் என் சக ஊழியர் ஒருவர், "ஒண்ணுமில்லை" என்று கேட்டு வந்தபிறகும் ஒரு வருடமாக மாடிப்படி ஏற பயப்படுகிறார். அவர் வலி இன்னும் சஸ்பென்ஸில்தான் கிடக்கிறது.

2021ல் வந்த அமெரிக்க வழிகாட்டி நெறிமுறை, நெஞ்சுவலியை இதயம் சார்ந்தது, சார்ந்திருக்கக்கூடியது, சாராதது என்று தெளிவாக வகைப்படுத்தச் சொல்கிறது. எனவே "அட்டாக் இல்லை" என்று டாக்டர் சொன்னதும் எழுந்து வந்துவிடாதீர்கள். "அப்ப இது என்ன டாக்டர்? அடுத்து யாரைப் பார்க்கணும்? திரும்ப வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.