அலமாரிக் கதவும் இயந்திரப் பொருளியலும்

வீட்டு அலமாரியின் கதவு பார்வைக்கு எளிய பொருள். ஆயினும், மரத்தின் இயல்பை நன்கறிந்த தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்திய வடிவம் அது. நெடுக்குச் சட்டங்கள் இரண்டு, குறுக்குச் சட்டங்கள் இரண்டு, நடுப்பலகை ஒன்று என ஐந்து உறுப்புகளால் ஆயது. ஈரக் காற்றில் மரம் பருக்கும். வறண்ட காற்றில் சுருங்கும். ஆதலின் நடுப்பலகையைப் பசையிட்டு இறுக்காமல், சட்டங்களின் காடிக்குள் சற்றே அசைய இடம் விட்டு நிறுத்தினர். கழுந்தும் துளையும் பிசகாமல் பொருந்த உளி கொண்டு செதுக்கும் இவ்வேலைக்குக் காலமும் வேண்டும். பழுத்த கைத்திறனும் வேண்டும். எனவே, கதவின் விலையில் கூலி பெரும்பங்கு பெற்றது. அக்கூலியைக் குறைக்க மனிதர் செய்த முயற்சியே மரவேலை இயந்திரங்களின் வரலாறு எனலாம்.

அவ்வரலாற்றின் தலையாய நிகழ்ச்சி கதவுத் தொழிலில் அன்று, கப்பல் துறையிலேயே நிகழ்ந்தது. 1793இல் சாமுவேல் பெந்தாம் என்னும் ஆங்கிலேயர் பலவகை மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அக்காலப் பாய்க்கப்பல்களுக்கு மரக்கப்பிகள் இன்றியமையாதவை. 74 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ 1,000 கப்பிகள் தேவைப்பட்டன. பிரான்சிலிருந்து அகதியாக வெளியேறிய மார்க் புரூனல், கப்பி செய்யும் இயந்திரங்களை வகுத்துச் சவுதாம்ப்டனில் கடற்படைக்குக் கப்பி வழங்கிவந்த நிறுவனத்தை அணுகினார், அந்நிறுவனம் மறுத்துவிட்டது. பெந்தாமின் ஆதரவால் கடற்படையே அத்திட்டத்தை ஏற்றது. ஹென்றி மாட்ஸ்லி இயந்திரங்களைச் செய்தளித்தார். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிறுவப்பட்ட 45 இயந்திரங்கள் 1808இல் 130,000 கப்பிகளை ஆக்கின. கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையைப் பயிற்சி குறைந்த 10 பேர் செய்தனர். ஓராண்டில் மிச்சமான தொகையை அளவாகக் கொண்டு புரூனலுக்கு ஏறத்தாழ 17,000 பவுன் வழங்கப்பட்டது.

இவ்வெற்றிக்கு இயந்திரத்தின் விரைவு மட்டுமே காரணம் அன்று. ஒரே வடிவப் பொருள் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் தேவைப்பட்டதே அடிப்படைக் காரணம். வேலைப் பகுப்புக்குச் சந்தையின் பரப்பே எல்லை என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார். ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 300,000 வெள்ளி விலையுள்ள இயந்திரம் பத்தாண்டு உழைப்பதாகக் கொள்வோம். ஆண்டுச் சுமை 30,000 வெள்ளி. ஆண்டுக்கு 30,000 கதவுகள் செய்தால் ஒரு கதவின்மீது ஒரு வெள்ளியே ஏறும். 1,000 கதவுகளே விற்றால் முப்பது வெள்ளி ஏறும். இயந்திரம் ஓய்ந்திருந்தாலும் அதன் கடன் ஓய்ந்திருப்பதில்லை.

கதவுத் தொழிலுக்கு இத்தகைய பெருந்தேவை எளிதில் கிட்டவில்லை. வீட்டுக்கு வீடு அளவு மாறியது. ஒவ்வோர் அளவுக்கும் வெட்டுக் கத்தியை மாற்றி, இயந்திரத்தைத் திருத்தி அமைக்கும் நேரம் ஊதியத்தை விழுங்கியது. 1926இல் செருமனியின் பிராங்பர்ட் நகரில் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வகுத்த சமையலறை ஒரு வழி காட்டிற்று. ஏறத்தாழ 10,000 வீடுகளில் ஒரே அமைப்பு இடம்பெற்றதால், அலமாரியும் கதவும் தொகை தொகையாகச் செய்யப்பட்டன. ஆனால், இம்முறையில் வாங்குபவர் இயந்திரத்தின் அளவுக்கு இணங்க வேண்டியிருந்தது.

அந்நிலையை மாற்றியது எண்வழிக் கட்டுப்பாடு. துளையிட்ட நாடாவின் ஆணைப்படி உலோகம் கடையும் இயந்திரத்தை 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இயக்கிக் காட்டியது. பின்னர்க் கணிப்பொறியோடு இணைந்து அம்முறை மரத்தொழிலுக்கும் வந்தது. மர இழைகளைப் பசையிட்டு அழுத்திய பலகையில், சட்டமும் பலகையும் போன்ற தோற்றத்தை ஒரே துண்டில் குடைந்தெடுக்கலாம். அளவு மாறினால் ஆணை மட்டுமே மாறும். நூறு கதவு நூறு அளவானாலும் செலவு மிகுதியாக உயர்வதில்லை. ஆயினும், தேய்த்தல், வண்ணம் பூசுதல் ஆகியவை தாமதித்தால், வெட்டிய கதவுகள் விற்பனைக்கு வாராமல் குவிந்து கிடக்கும். ஒரு கட்டத்தின் விரைவு தொழிற்சாலை முழுவதன் விரைவாகிவிடாது.

மலேசியத் தமிழருக்கு இவ்வரலாறு அயலானது அன்று. தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டிய ரப்பர் மரங்கள் மறுநடவுக் காலத்தில் வீழ்த்தப்பட்டு, நெடுங்காலம் பெரிதும் விறகாகவே எரிந்தன. பூச்சியும் பூசணமும் எளிதில் பற்றும் அம்மரத்தை மருந்தேற்றி உலர்த்தும் முறை பரவியபின், 1980ஆம் ஆண்டுகளில் அது தளவாடத் தொழிலின் செல்வமாயிற்று. ஜொகூரின் மூவார் நகர் அத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. பருமன் குறைந்த அம்மரத்தின் சிறு துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்துப் பலகையாக்க இயந்திரம் துணைநின்றது.

விறகைச் செல்வமாக்கியதும் இயந்திரமே. 110 பேரின் வேலையைப் பதின்மருக்குச் சுருக்கியதும் இயந்திரமே. அது மிச்சப்படுத்தும் கூலி ஒரு குடும்பத்தின் உணவாயிருந்தது என்பதை வரவு செலவுக் கணக்கு காட்டாது. ஆதலின், இயந்திரத்துக்கு முதலிடுவோர் தொழிலாளரின் மறுபயிற்சிக்கும் முதலிட வேண்டும். மரம் எப்போது பருக்கும், எப்போது சுருங்கும் என்னும் தச்சரின் அறிவு கணிப்பொறிக்கு ஆணை எழுதுவோருக்கும் வேண்டும். நம் இளைஞர்கள் கைத்தொழிலையும் கணக்கையும் ஒருங்கே கற்பாராயின், இயந்திரம் அவர்கள் வேலையைப் பறிப்பதற்கு மாறாக, அவர்கள் கையில் கருவியாக நிற்கும்.