பிறர் பாடப் பாட்டியற்றிய காலம்

இசை வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். தாமே இயற்றித் தாமே பாடிய பெரியோர் நம் நாட்டில் எக்காலத்தும் இருந்தனர். எனினும், பிறர் பாடுதற்கென்றே பாட்டியற்றிக் கொடுத்த புலவர் மரபொன்று அவர்களோடு ஒக்க நெடுங்காலம் வாழ்ந்து வந்தது. இற்றை நாளில் அம்மரபு திரைப்படத் துறைக்கு வெளியே பெரிதும் அருகிவிட்டது. ஒவ்வோர் இசைவாணரும் தாம் புனைந்ததைத் தாமே பாடித் தம் பெயரிலேயே வெளியிடுகின்றனர். இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது? அதனால் நமக்கு உற்ற இழப்பு யாது? இவ்விரண்டையும் சிறிது ஆராய்வோம்.

மலாக்கா நாட்டுத் தமிழர்க்கு நெருங்கிய சான்றொன்றிலிருந்தே தொடங்கலாம். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குச் செல்லும் அன்பர்களுக்குக் காவடிச் சிந்தின் நடை புதிதன்று. கழுகுமலை முருகன்மீது காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் இளமையிலேயே காலமானவர். ஊற்றுமலைச் சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். புலவர் யாத்த சிந்து புலவரின் வாயோடு நின்றுவிடவில்லை. காவடி சுமந்து நடப்போரின் மூச்சுக்கும் அடிவைப்புக்கும் அது பொருந்தியமையால், அவர் பெயரையும் அறியாதார் நாவிலெல்லாம் குடியேறிற்று.

அவருக்கு முன்னரும் இம்முறை இருந்தது. சீர்காழி அருணாசலக் கவிராயர் இராமகாதையைக் கீர்த்தனைகளாக இயற்றினார். அவற்றுக்கு இசையமைத்தவர்கள் அவருடைய மாணாக்கர் இருவர். தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் (1798-1832) காலத்தில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வரும் வர்ணங்களும் தில்லானாக்களும் அமைத்தது ஆடும் மகளிர்க்காகவேயாம். அந்நால்வருள் வடிவேலு பின்னர்த் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தார். அம்மகளிரின் கலையைப் போற்றிய சமூகம் அவர்களை இழிவாகவே நடத்திற்று என்பதை இங்கு மறைத்தல் ஆகாது. பழமையிலுள்ள நன்மையைக் கொள்ளப் புகுவோர் அதன் மாசினையும் உடன் காணல் வேண்டும்.

அரசவைகளுக்குப் பின் அவ்விடத்தை நாடகக் கம்பெனிகள் பெற்றன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நாடகங்கள் பல எழுதி, 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே ஒரு சபையை நிறுவினார். டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். ஆசிரியரும் நடிகரும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய அவ்வாழ்வில், எந்தச் சிறுவனின் குரல் எத்துணை உயரம் எட்டும் என்பதைப் பாட்டெழுதுவோர் நாள்தோறும் செவியாற் கேட்டறிந்தனர். 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும் படத்துக்குப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. பின்னர்ப் பாபநாசம் சிவன் எழுத, எம். கே. தியாகராஜ பாகவதர் பாடினார். அவ்விருவர் கூட்டுறவின் பெரும் பயனாகிய ‘ஹரிதாஸ்’ (1944) சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. சிவன் தாமே நன்கு பாடவல்லவர். ஆயினும் தம் பாட்டுப் பாகவதரின் கண்டத்தில் ஏறிப் புகழ் பெறுவதைத் தமக்குக் குறைவென்று அவர் எண்ணினாரல்லர்.

இத்தகைய கூட்டுறவு குலைந்ததற்கு முதற் காரணம், இருவரையும் ஒருங்கு சேர்த்து வைத்த இல்லங்கள் அழிந்தமையே. அரசவைகள் மறைந்தன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துச் சமீன்கள் ஒழிந்தன. குடியானவனுக்கு நலஞ்செய்த அச்சட்டத்தை நாம் வரவேற்கவே வேண்டும். எனினும் சமீன் வளர்த்த புலவனுக்கு வேறு களஞ்சியம் கிடைக்கவில்லை. நாடகக் கம்பெனிகளின் கூட்டத்தைப் படக்கொட்டகைகள் ஈர்த்துக்கொண்டன.

இரண்டாவது காரணம் பணத்தின் கணக்கு. அமெரிக்க நாட்டின் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவாகும் பாட்டொன்றுக்குப் பிரதிதோறும் இரண்டு காசு அந்நாட்டு நாணயத்தில் இயற்றியவர்க்கு உரியதென வகுத்தது. பாடுவோரே இயற்றுவோரும் ஆயின் அக்காசும் அவர் பைக்கே வரும். 1960-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் தம் பாட்டைத் தாமே எழுதிப் பெரும்பொருளும் புகழும் ஈட்டவே, பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். கரோல் கிங் என்னும் மாதரசி இளமையில் நியூயார்க் நகரில் அமர்ந்து பிறர் பாடப் பல பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். 1971-இல் ‘டாப்பெஸ்ட்ரி’ என்னும் தம் இசைத்தட்டில் தாமே பாடி உலகப் புகழ் பெற்றார். பிறர்க்கு எழுதியவர் தம் குரலுக்கே திரும்பிய காலமாற்றத்துக்கு அவர் வாழ்வே சான்று.

இந்திய நாட்டிலோ, பிறர்க்கெழுதியவர் நிலை பின்னும் இரங்கத்தக்கது. படமுதலாளி கூலி கொடுத்து எழுதுவித்த பாட்டின் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லையேல், முதலாளிக்கே உரியதென 1977-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நிலையை மாற்றி, இயற்றியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் உரிமைத்தொகையில் பங்கு வழங்கும் திருத்தம் 2012-இல்தான் வந்தது. பிறர்க்கெழுதிக் கொடுத்தால் ஒருமுறைக் கூலியோடு முடியும் என்று கண்ட இளைஞன், தன் பாட்டைத் தானே வைத்துக்கொள்ள நினைத்தலில் வியப்பென்ன?

மூன்றாவது காரணம் கருவியின் எளிமை. முன்னாளில் ஒரு பாட்டைப் பதிவுசெய்யப் பலர் கூடவேண்டியிருந்தது. இன்று ஓர் அறையும் ஒரு கணினியும் இருப்பின் ஒருவனே அனைத்தும் செய்யலாம். தனித்திருந்து செய்ய இயன்றபோது, கூடியிருந்து செய்யும் பழக்கம் தானே தளர்ந்தது.

நம் மலேசிய நாட்டிலும் இம்மாறுதலின் இரு முகங்களையும் காணலாம். பினாங்கில் பிறந்த ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ குழு மலாய்ப் பாட்டுலகில் புகழ்பெற்றபோது, அவர்களுக்குப் பாட்டமைத்துத் தந்தவர்களுள் எம். நசீர் ஒருவர். தமிழரின் குரலும் மலாய்க் கலைஞரின் இசையும் அங்கே கைகோத்தன. 2006-இல் யோகி பி - நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ வெளிவந்து, நம் இளைஞர் தம் வாழ்வைத் தம் வாயாலேயே சொல்ல வல்லவர் என்பதை நிலைநாட்டிற்று. சொல்லிசை என்பது சொல்பவனின் சொந்த வாழ்வை வேண்டி நிற்கும் கலை. அதனைக் குறைகூறல் அறியாமையாகும்.

ஆயினும் எல்லோரும் அவ்வாறே செய்யவேண்டும் என்னும்போதுதான் இழப்பு நேர்கிறது. இனிய குரலுடையார்க்கெல்லாம் சொல்வளம் வாய்ப்பதில்லை. சொல்வளம் உடையார்க்கெல்லாம் குரல் வாய்ப்பதில்லை. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தமிழ்ப்பள்ளி விழா மேடையேறும் சிறுமி நன்றாகப் பாடுகிறாள். ஆனால் அவள் பாடுவது சென்னையில் வேறொரு நடிகைக்காக எழுதப்பட்ட காதற்பாட்டு. அவள் பாட்டியின் பால்மரக் காட்டைப் பற்றியோ, செம்பனைத் தோட்டம் விட்டுப் பட்டணம் பெயர்ந்த தந்தையைப் பற்றியோ அவளுக்கென ஒரு பாட்டு எழுதித் தருவார் இல்லை. எழுத வல்ல ஆசிரியர் அதே பள்ளியில் இருக்கலாம். அவரை எவரும் கேட்பதில்லை.

இந்த மலாக்காவிலேயே தொண்டாங் சாயாங் என்னும் பாட்டு முறை உண்டு. மலாய்க்காரரும் பாபா நோன்யாக்களும் போர்த்துகீசியரும் நம் மலாக்காச் செட்டிகளும் ஒரே மெட்டில் ஒருவர்க்கொருவர் பாட்டால் விடையிறுப்பர். 2018-இல் யுனெஸ்கோ நிறுவனமும் அதனைச் சிறப்பித்தது. பாட்டு ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்லச்செல்ல வளரும் என்பதை நம் அண்டை வீட்டார் மறந்திலர்.

ஆதலின் பழைய சமீனையும் மன்னரையும் நாம் மீட்க வேண்டுவதில்லை. அவர்கள் செய்த ஒரு நற்செயலை நம் கோயிற் குழுக்களும் பள்ளி வாரியங்களும் இளைஞர் மன்றங்களும் ஏற்றால் போதும். திருவிழாவுக்கு வாணவேடிக்கைக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை ஆண்டுக்கொரு புதுப்பாட்டுக்கு ஒதுக்குக. எழுதுபவர் ஒருவராகவும் பாடுபவர் வேறொருவராகவும் இருக்கட்டும். மேடையில் இருவர் பெயரும் சொல்லப்படுக; இருவர்க்கும் உரிய ஊதியமும் வழங்கப்படுக. தோட்டத்துச் செக்ரோலில் பெயரேறாத உழைப்புக்குக் கூலியில்லை என்பதைக் கிராணி வேலை பார்க்கும் யாம் நன்கறிவோம். பாட்டெழுதுபவன் பெயரும் ஏடேறினால், பிறர் குரலுக்கு எழுதும் கை மீண்டும் எழுதத் தொடங்கும்.