அஞ்சல் தலையில் உலைக்களம்



ஒரு நாட்டின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் சான்றாகின்றன. இவற்றோடு அஞ்சல் தலையையும் சேர்த்துக்கொள்ளலாம். அஃது அளவிற் சிறிது. எனினும், ஓர் அரசு எதனைத் தன் பெருமையாகக் கருதுகிறது என்பதை அது எடுத்துக் காட்டும். உலோகத் தொழிலை அஞ்சல் தலைகள் எவ்வாறு போற்றின என்று இன்று பார்ப்போம்.

முதற்கண், அஞ்சல் தலையே உலோகத் தொழிலில் பிறந்தது என்பதை நினைவிற் கொள்க. உலகின் முதல் அஞ்சல் தலையான ‘பென்னி பிளாக்’, 1840 மே 6ஆம் நாள் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. விக்டோரியா அரசியின் உருவத்தை மென்மையான எஃகுத் துண்டிற் செதுக்கி, அதனைக் காய்ச்சிக் கடினமாக்கினர். அதன்மேல் எஃகு உருளையொன்றை அழுத்தி உருட்டிப் படிவம் எடுத்தனர். அவ்வுருளையையும் கடினமாக்கி, அச்சுத் தகட்டில் 240 முறை பதித்தனர். அத்தகட்டிலிருந்து அச்சான ஒவ்வொரு தாளிலும் 240 தலைகள் அமைந்தன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். விடுதலைக்குப்பின் 1949 ஆகஸ்டு 15ஆம் நாள், தொல்பொருட் சின்னங்களைக் கொண்ட 16 தலைகள் வெளியாயின. அவற்றுள் 2 அணாத் தலையில் நடராசர் திருவுருவம் இடம்பெற்றது. நடராசர் செப்புத் திருமேனிகள் தமிழகத்து வார்ப்புக் கலையின் சிகரம். முதலில் மெழுகால் உருவம் செய்வர். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண் கூட்டை உடைத்தால்தான் திருமேனி வெளிப்படும். ஆதலின் ஒரு கூட்டிற்கு ஒரே திருமேனிதான்.

ஆறாண்டுகளில் காட்சி மாறியது. ஐந்தாண்டுத் திட்டத்தை விளக்கும் வரிசை 1955 ஜனவரி 26ஆம் நாள் வெளியாயிற்று. அதன் மிக உயர்ந்த விலையான 10 ரூபாய்த் தலையில் எஃகு ஆலை விளங்கிற்று. 1958இல் எஃகுத் தொழிலின் பொன்விழாத் தலை 15 நயா பைசா விலையில் வந்தது. அதில் ஜாம்ஷெட்ஜி டாட்டாவையும் எஃகு ஆலையையும் காணலாம்.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவதில் படைப்பு போற்றப்படுகிறது, அடுத்ததில் ஆலை, மூன்றாவதில் ஆலைக்கு வித்திட்டவர். உலையின்முன் வியர்வை சிந்தியவர் யார்? பென்னி பிளாக்கைச் செதுக்கியவர்கள் சார்லஸ் ஹீத், பிரெடரிக் ஹீத் என்னும் தந்தையும் மகனும் என்பர். நம் செப்புத் திருமேனிகளை வார்த்தோருள் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம். அமெரிக்காவோ 1972 ஜூலை 4ஆம் நாள் வெளியிட்ட நான்கு 8 சென்ட் தலைகளில் பழங்காலக் கைவினைஞர்களையே கருப்பொருளாக்கியது. அவருள் வெள்ளிக் கொல்லரும் ஒருவர். அங்ஙனம் தொழிலாளியைப் போற்றுவதும் வரலாற்றுக் கடமையன்றோ?

கோலியனூர் போன்ற நம் ஊர்களிலும் கொல்லுப்பட்டறைகள் இருந்தன. துருத்தி ஊதிய உலையில் வெண்மையாகக் காய்ந்த இரும்புத் துண்டுகள் இரண்டைப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தால், அவை ஒன்றிவிடும். இதுவே பற்றவைத்தலின் பழைய முறை. மின்வில் கொண்டு இரும்பை இணைக்கும் இன்றைய வெல்டிங்கிற்கு இது மூத்தது. தேய்ந்த ஏர்க்கொழுவுக்கு இவ்வாறே புத்துயிர் அளித்தனர். 1955ஆம் ஆண்டு வரிசையின் மிகக் குறைந்த விலையான 3 பைத் தலையில் இருந்தது டிராக்டர்! டிராக்டர் பெருகப் பெருக ஏர் குறைந்தது. ஏர் குறையக் கொல்லரின் உலையும் அவிந்தது. ஒரே வரிசையில் ஒரு முனையில் எஃகு ஆலை, மறுமுனையில் டிராக்டர். இரண்டும் நாட்டின் வளர்ச்சிக்கு வேண்டியவையே. ஆயினும் அவற்றிடையே மறைந்துபோன கைத்தொழிலை அந்த வரிசையிலிருந்து மட்டும் நாம் அறிய இயலாது.

ஆதலின், அஞ்சல் தலை சேர்க்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலையை ஒட்டி, நாட்டையும் ஆண்டையும் எழுதுவதோடு நில்லாதீர்கள். அதிற் கண்ட பொருளை எத்தொழிலாளர், எக்கருவியால், எவ்வாறு செய்தனர் என்பதையும் எழுதுங்கள். உங்கள் ஊரில் முதிய கொல்லர் ஒருவர் இருப்பாராயின், அவரிடம் சென்று அவர்தம் கருவிகளின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சொற்களைச் சொல்ல அவர் இருக்கும்போதே அப்பணியைச் செய்துவிடுதல் நன்று.