கண்ணெதிரே இருந்தும்

"பாலைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுத்த வீட்டுக்குப் போனாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மனத்தில் மட்டும் ஒரு கதையின் முடிவு ஓடிக்கொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "கண் எங்கே போயிற்று?" என்று கேட்டாள். கண் எங்கும் போகவில்லை, அதுதான் விசித்திரம்.

இந்த விசித்திரம் பழையது. இத்தாலிய அறிஞர் போர்ட்டா 1593-ல் வெளிவந்த தம் நூலில் ஒரு சோதனையைச் சொல்கிறார். இரண்டு கண்களுக்கும் எதிரே வெவ்வேறு புத்தகங்களை வைத்துப் பார்த்தாராம். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் படிக்க முடிந்ததாம்.

இரண்டையும் ஒரே பார்வைக்குள் கலந்துவிட்டால்? அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் 1968-ல் தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்தார். சிறிய படக்குழாய்கள் இரண்டு. பாதி ரசம் பூசிய கண்ணாடிகள். எதிரே அறையும் தெரியும். கணினி வரைந்த கோட்டுச் சித்திரமும் அந்தரத்தில் தெரியும். தலையைத் திருப்பினால் சித்திரமும் அதற்கேற்ப மாறும்.

கண்ணின் சிரமம் தீர்ந்தது. மனத்தின் சங்கதி வேறு. 1975-ல் நைஸர், பெக்லென் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் இரண்டு விளையாட்டுக் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினார்கள். ஒன்றைக் கவனித்தவர்கள், மற்றதில் நடந்த விநோதங்களைப் பெரும்பாலும் காணவில்லை!

இது வெறும் விளையாட்டல்ல என்பது 1980-ல் வெளியான நாஸா அறிக்கையில் தெரிந்தது. விமானி குனிந்து முள்ளைப் பார்க்க வேண்டாமென்று, உயரம், வேகம் முதலியவற்றை அவர் முகத்துக்கு நேரே ஒளியாகக் காட்டும் கருவி அது. பயிற்சி யந்திரத்தில் விமானத்தை இறக்கச் சொல்லி, ஓடுபாதையில் வேறொரு விமானம் நிற்பதுபோல் காட்டினார்கள். எட்டுப் பேரில் இருவர் அதைக் கடைசிவரை காணவில்லை. பயணிகள் விமானம் ஓட்டிப் பழகியவர்கள், கண்ணில் குறையில்லை. கண் போன வழியில் கவனம் போகவில்லை, அவ்வளவுதான்.

இன்று அந்தக் கருவி மூக்குக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கிக் கடைக்கு வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்காருகிறவரிடம் எனக்கு மனஸ்தாபம் இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால், பக்கத்தில் வரும் குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொள்வேன். பால் வழிந்தால் வேறு பால் வாங்கிக் காய்ச்சலாம்.