தண்ணீர் தேடி இறங்கிய பேராலயம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் வில்ட்ஷயர் பிரதேசத்திலுள்ள ஸால்ஸ்பரி நகரம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்போதுள்ள இடத்தில் இருக்கவில்லை. வடக்கே ஏறக்குறைய 2 மைல் தூரத்தில், பழைய ஸாரம் என்று வழங்கும் குன்றின்மேல், அரசனுடைய கோட்டையும் மேற்றிராணியாருடைய ஆலயமும் ஒரே மதிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, ஓயாத காற்றுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் கோட்டைச் சிப்பாய்களின் அதிகாரத்துக்கும் ஈடுகொடுத்துக் காலந்தள்ளிய ஊர் அது. கடைசியில் பொறுமையிழந்தவர்கள் குருமார்தாம். ரிச்சர்ட் பூர் என்ற மேற்றிராணியார், போப்பாண்டவரின் அநுமதி பெற்று, ஏவன் நதிக்கரைப் பசும்புல் வெளியிலே 1220-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி புதிய ஆலயத்துக்கு அஸ்திவாரமிட்டார். அம்பு தைத்த மான் ஒன்று ஓடிவந்து விழுந்த இடம் அது என்று ஸ்தல புராணம் சொல்லுகிறது. அந்த நிலம் மேற்றிராணியாருக்கே சொந்தமாயிருந்தது என்பது அதைவிட நம்பத்தக்க காரணம்.

கல்யாண நாளை உத்தேசித்து நானும் என் மனைவியும் அங்கே மறுபடியும் சென்றோம். முன்பு எல்லோரையும்போலக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதிலேயே பொழுதைப் போக்கியிருந்ததால், இம்முறை காலடியைக் கவனிப்பதென்று தீர்மானித்திருந்தோம்.

ஆலயத்தின் பிரதான பாகம் 38 வருஷங்களில், 1258-இல் முடிந்துவிட்டது. ஆனால் பதினான்காம் நூற்றாண்டில் வந்தவர்கள், அதன் நடுவே 404 அடி உயரத்துக்கு ஒரு கோபுரத்தை எழுப்பி, ஏறக்குறைய 6,500 டன் பாரத்தை, அதைச் சுமப்பதற்கென்று கட்டப்படாத தூண்களின் தலையில் ஏற்றினார்கள். அஸ்திவாரத்தின் ஆழமோ சுமார் 4 அடிதான். “நாலடி அஸ்திவாரத்தில் நானூறு அடிக் கோபுரமா? நம்மூர்க் கொத்தனார் ஒப்புக்கொள்வாரா?” என்றாள் என் மனைவி. நடுத்தூண் ஒன்றின் அடியில் நின்று மேலே பார்வையை ஓட்டினால், கல் வளைந்திருப்பது சாதாரணக் கண்ணுக்கே தெரிகிறது. 1668-இல் கட்டடக்கலை நிபுணர் கிறிஸ்டபர் ரென் வந்து அளந்தபோது, கோபுரத்தின் உச்சி ஏறக்குறைய இரண்டரை அடி சாய்ந்திருக்கக் கண்டார்.

இத்தனையையும் தாங்குவது கீழேயுள்ள சரளைப் படுகை. அதிலே ஊறி நிற்கும் நீரின் மட்டத்தைக் கண்காணித்து வருகிறார்கள். தளத்திலுள்ள சிறு மூடியைத் திறந்து நீண்ட கோலொன்றை உள்ளே இறக்கி எடுக்கிறார்கள். கோலின் நுனி நனைந்து வருகிறது. தண்ணீர் இல்லையென்று குன்றைவிட்டு இறங்கியவர்களின் ஆலயம் தண்ணீரின்மேலேயே நிற்கிறது. 1386-ஐச் சேர்ந்ததென்று சொல்லப்படும், முகப்பில்லாத பழைய கடிகாரத்தைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம். எனக்கு அந்தக் கோலே போதுமாயிருந்தது.

ஆலயத்தைச் சூழ எழுந்த புதிய நகரத்துக்கு 1227-இல் மூன்றாம் ஹென்றி சாஸனம் வழங்கினான். சதுரம் சதுரமாக வகுத்த வீதிகளின் நடுவே ஆற்று நீர் வாய்க்கால்களாக ஓடியது; குடிப்பதும் தோய்ப்பதும் கழிவைக் கொட்டுவதும் அதே வாய்க்காலில்தான். ஆறு நூற்றாண்டுப் பாவத்தின் பலன் 1849-இல் காலராவாக வந்தது. பின்னர் வாய்க்கால்களைத் தூர்க்கத் தோண்டியபோது சேற்றினின்று கத்திகளும் சாவிகளும் யாத்திரிகர் அணிந்த சின்னங்களும் வெளிப்பட, அவற்றைக் காப்பதற்கென்று 1860-இல் ஒரு காட்சிசாலையே ஏற்பட்டது.

பழைய குன்றின் கதை வேறு வகையானது. ஆலயத்தை இடித்துக் கற்களைக்கூடக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். ஆலய வளாகத்தின் மதிலில் பழைய சிற்ப வேலைப்பாடுள்ள கற்களை இன்றும் காணலாம். ஜனங்களும் போய்விட்டார்கள். ஆனால் பார்லிமெண்டுக்கு இரண்டு அங்கத்தினரை அனுப்பும் உரிமை மட்டும் குன்றைவிட்டு இறங்கவில்லை! விரல்விட்டு எண்ணத்தக்க வாக்காளர்களைக் கொண்ட அந்தத் தொகுதியை வாங்கி வைத்திருந்த தாமஸ் பிட், நம் சென்னைப்பட்டணத்துப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராயிருந்தவர். அங்கே வாங்கிய பெரிய வைரமொன்றை 1717-இல் பிரான்ஸ் தேசத்து ராஜப் பிரதிநிதிக்கு விற்றவர். பின்னாளில் இங்கிலாந்தின் மந்திரிசபையை நடத்திய அவருடைய பேரன் வில்லியம் பிட், 1735-இல் முதன்முதலாகப் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது இந்த ஆளில்லாத குன்றின் பிரதிநிதியாகவே. 1832-இல் வந்த சீர்திருத்தச் சட்டந்தான் அந்த உரிமையை ஒழித்தது.