நேயமும் நெய்யும்: ஒரு வழுவழுப்பின் வரலாறு

'சிநேகம்' என்னும் வடசொல்லுக்கு எண்ணெய்ப்பசை என்றும் அன்பு என்றும் இரு பொருள்கள் உண்டு. அது தமிழில் 'நேயம்' எனத் திரிந்தபோதும் இரண்டையும் சுமந்தே வந்தது. 'ஈரம்' நனைவையும் அன்பையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளிலேயே அன்பின் பொருளில் அது ஆளப்பட்டுள்ளது. 'பசை'யும் அவ்வாறே. உடலின் வழுவழுப்பையும் உள்ளத்தின் நெகிழ்வையும் ஒரே சொல்லால் சொல்லப் பழகிய இம்மொழிகளில், கலவியின்போது பயன்படும் வழுக்குக் களிம்புக்கு மட்டும் பொதுவழக்கில் ஒரு பெயர் அமையவில்லை. 'மசகு' என்றால் வண்டி அச்சும் எந்திரமும் நினைவுக்கு வருகின்றன. 'உயவு' பாடநூலைத் தாண்டவில்லை. மருந்துக்கடையில் 'ஜெல்' என்றோ 'லூப்ரிகண்ட்' என்றோ தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்; பலர் கேட்பதே இல்லை. இது அகராதிக் குறையாக மட்டும் நின்றிருந்தால் கவலையில்லை. பெயரற்ற பொருளின் இடத்தில் வீட்டு எண்ணெய்ப் புட்டி வந்து அமர்ந்ததும், ரப்பர் உறையின் காலத்தில் அதுவே ஆபத்தாக மாறியதும் இவ்வரலாற்றின் நடுப்பகுதி.

பண்டைய இந்திய மருத்துவம் இதில் வாய்மூடி இருக்கவில்லை. சரக சம்ஹிதையின் சிகிச்சா ஸ்தானத்து 30ஆம் அத்தியாயம் பெண்ணுறுப்பின் நோய்களை 20 வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று 'சுஷ்கா', அதாவது வறட்சி. கலவி வேளையில் இயற்கை உந்துதல்களை அடக்குவதால் வாயு சீற்றமுற்று உறுப்பின் வாயை உலரச் செய்கிறது என்பது அந்நூல் தரும் விளக்கம். இக்காரணத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆயினும் வறட்சியைப் பெண்ணின் குணக்குறையாகக் காணாமல் வலியுள்ள ஒரு நிலையாக எண்ணி, அதற்குத் தனிப்பெயரிட்டது சிறு செயலன்று. வாயு சார்ந்த இத்தகைய நோய்களுக்கு மருந்தெண்ணெயில் தோய்த்த பஞ்சை உள்ளே வைக்கும் 'பிசு' என்னும் முறையும் கூறப்படுகிறது.

காமசூத்திரத்தில் இதற்கு விடை தேடுவோர் ஏமாறக்கூடும். பெண்ணின் இன்பம் குறித்து வாத்ஸ்யாயனர் நீளமாக விவாதிப்பது உண்மைதான். ஆனால் பூச்சுகளும் எண்ணெய்களும் மிகுதியாக வரும் ஏழாம் பகுதியின் நாட்டம் வசீகரத்திலும் உறுப்பைப் பெருக்குவதிலும் இருக்கிறது. அரிப்புண்டாக்கும் மயிர்களையுடைய பூச்சிகளைத் தேய்த்து வீக்கம் வரவழைக்கும் செய்முறை அங்குத்தான் உள்ளது. உராய்வைக் குறைக்கும் அக்கறை வைத்தியரிடம் இருந்தது. காமநூல் அவ்விடத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

நீரில் கரையும் வழுக்குப்பொருளைத் தனிச் சரக்காக விற்ற பழைய எடுத்துக்காட்டு ஜப்பானில் கிடைக்கிறது. எடோ காலத்தில் 'தொரொரோ-அஓய்' என்னும் வெண்டை இனச் செடியின் வேர்ப்பொடியை உமிழ்நீரில் குழைத்துப் பயன்படுத்தினர். ஜப்பானியக் கைத்தாள் செய்வோர் நாரிழைகள் நீரில் சீராகப் பரவுவதற்குச் சேர்ப்பதும் இதே வேரின் கோழைதான். வெண்டைக்காய் நறுக்கிய விரல்களுக்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை.

மேலைநாடுகளில் இப்பொருள் மருத்துவமனையின் வழியாக நுழைந்தது. ராபர்ட் செஸ்ப்ரோ பெட்ரோலியக் களிம்பான வாஸலினுக்கு 1872இல் காப்புரிமை பெற்றார். நீரில் கரையும் கே-ஒய் ஜெல்லி 1904இல் நியூயார்க்கில் அறுவை மருத்துவர்களுக்காக வெளிவந்தது. உடலுக்குள் செலுத்தும் கருவிகளுக்குப் பூசுவதே அதன் வேலை. படுக்கையறைக்கு அது மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தது. ஒன்று எண்ணெய், மற்றொன்று நீர் என்னும் வேறுபாடு அக்காலத்தில் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. மெல்லிய லேட்டெக்ஸ் ஆணுறைகள் பரவிய பின்னரே அவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாயிற்று.

இந்தியாவில் ஆணுறை அரசின் கைப்பொருளாக வந்தது. 1968இல் 'நிரோத்' மானிய விலையில் அறிமுகமாயிற்று. மூன்று உறைகள் 15 பைசா. தேயிலையும் சோப்பும் விற்ற பெருநிறுவனங்களின் விநியோக வலைகள் அதை ஊர்க்கடைகளுக்குக் கொண்டு சென்றன. பெயரிட்ட கதை சுவையானது: மன்மதனைக் குறிக்கும் 'காமராஜ்' என்னும் பெயர் முதலில் முன்மொழியப்பட்டு, காங்கிரஸ் தலைவரின் பெயரும் அதுவாக இருந்ததால் கைவிடப்பட்டது. தேர்ந்தெடுத்த 'நிரோத்' அடக்குதல், தடுத்தல் என்று பொருள்படும். பதஞ்சலி யோகத்தை வரையறுக்கையில் ஆளும் சொல்லும் அதுவே. இன்பத்தின் கடவுளை விட்டுத் துறவின் கலைச்சொல்லுக்கு வந்த இந்தப் பயணம் அத்திட்டத்தின் மனப்போக்கையே காட்டிவிடுகிறது. 1966இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் லேட்டெக்ஸ் நிறுவனம் ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் கூட்டுறவோடு 1969இல் திருவனந்தபுரத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணிக்கையே குறியாக இருந்த அத்திட்டத்தில் உறை வந்தது. உராய்வைப் பற்றிய பேச்சு வரவில்லை. பிரிட்டனில் மசகிட்ட ஆணுறை 1957இலேயே விற்பனைக்கு வந்துவிட்டிருந்தது. இங்கு முதலில் கிடைத்தது உலர்ந்த உறை. மசகிட்ட 'டீலக்ஸ்' வகை பின்னரே சேர்ந்தது.

உலர்ந்த உறையும் எண்ணெய்ப் புட்டியும் ஒரே வீட்டில் இருந்தால் அடுத்து நடப்பதை ஊகிப்பது எளிது. தேங்காய் எண்ணெய், நெய், வாஸலின், முகக் களிம்பு எதுவாயினும், எண்ணெயின் மூலக்கூறுகள் லேட்டெக்ஸ் ரப்பருக்குள் ஊடுருவி அதை உப்பச் செய்கின்றன. இழைகளின் பிணைப்பு தளர்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 1989இல் 'கான்ட்ராசெப்ஷன்' ஆய்விதழில் வெளியான சோதனையில், கனிம எண்ணெய் பட்ட 60 வினாடிகளிலேயே லேட்டெக்ஸ் உறைகளின் வலிமை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. உறை கிழிந்தபின் 'ஆணுறையே நம்பத்தகாதது' என்று முடிவுகட்டியவர்களுள் எத்தனை பேர் எண்ணெயைப் பழித்திருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கில்லை. பாலியுரேத்தேன் உறைகளுக்கு இக்கேடு இல்லை. எண்ணெய் அடிப்படையிலான பூஞ்சைக்கொல்லிக் களிம்புகளுக்கு இக்கேடு உண்டு என்பதை அவற்றை எழுதித் தரும் மருத்துவர்களும் எப்போதும் சொல்வதில்லை.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபின், கிழியும் உறையின் பொருளே மாறிற்று. அதுவரை அஞ்சியது வேண்டாத கருவை. இனி அஞ்சியது மரணத்தை. அச்சத்தின் காலத்தில் ஒரு நம்பிக்கையும் முளைத்தது: 'நொனாக்சினால்-9' என்னும் விந்தணுக்கொல்லி சோதனைக்கூடத்தில் வைரஸையும் அழித்ததால், அதைக் கலந்த ஜெல்லே காப்பாகிவிடும் என்று எண்ணினர். பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் பாலியல் தொழிலாளர்களிடையே நடந்த சோதனையின் முடிவு 2000 ஜூலையில் டர்பன் மாநாட்டில் வெளியானபோது அந்நம்பிக்கை தலைகீழாயிற்று. அந்த ஜெல் காக்கவில்லை; நாளொன்றுக்கு மூன்றரை முறைக்கு மேல் பயன்படுத்திய பெண்களிடையே தொற்றபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. வைரஸின் உறையைக் கரைத்த அதே சவர்க்காரத் தன்மை பெண்ணுடலின் மெல்லிய சவ்வையும் அரித்திருந்தது. அப்பெண்கள் தம் உடலால் ஈட்டித் தந்த அறிவு இது. நொனாக்சினால்-9 பூசிய ஆணுறைகளை இனி ஊக்குவிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் கூட்டம் அறிவித்தது.

அதன்பின் ஐயம் மற்றப் பொருள்களின்மீதும் திரும்பியது. ஜெல்லை வழுவழுப்பாகவும் உலராமலும் வைப்பதற்குச் சேர்க்கும் கிளிசரினும் புரொபிலீன் கிளைக்காலும் மிகும்போது அதன் சவ்வூடு செறிவு ஏறுகிறது. மனிதக் குருதியின் செறிவு கிலோவுக்கு ஏறத்தாழ 290 மில்லி ஆஸ்மோல். அதைப்போல் பன்மடங்கு செறிவுள்ள ஜெல், ஊறுகாய் உப்பு மாங்காயின் நீரை இழுப்பதைப் போலச் செல்களின் நீரை இழுத்துக்கொள்கிறது. செல்கள் சுருங்கி உதிர்கின்றன. இதை அளக்க பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் ஓடில்லா நத்தைகளைத் துணைக்கொண்டனர். எரிச்சலூட்டும் பொருள்மீது வைத்தால் அவை கோழையை மிகுதியாகச் சுரக்கும். அக்கோழையை நிறுத்தால் எரிச்சலின் அளவு தெரிந்துவிடும். செறிவு ஏற ஏற எரிச்சலும் ஏறுவதை 2008இல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது. 2012இல் உலக சுகாதார நிறுவனமும் கூட்டமைப்புகளும் வெளியிட்ட அறிவுரை, செறிவு 380ஐத் தாண்டாதிருப்பதே உகந்தது என்றது. சந்தையிலுள்ள பெரும்பாலானவை அதைத் தாண்டியே இருந்தமையால் 1200ஐ இடைக்கால உச்சமாக ஏற்றது. பெண்ணுறுப்புக்கு அமிலத்தன்மை 4.5 அளவிலும், குதவழிக்கு 5.5 முதல் 7 வரையிலும் இருக்க வேண்டும் என்றும் அது வகுத்தது.

இந்தியாவில் இவ்வறிவு சென்று சேர வேண்டியவர்களை அடைவதில் சட்டமே குறுக்கே நின்றது. இயற்கையான ஈரம் சுரக்காத குதவழிக் கலவியில் வழுக்குப்பொருள் வசதியன்று, தேவை. அதைச் சொல்லவேண்டிய களப்பணியாளர்களோ 377ஆம் பிரிவின் நிழலில் இயங்கினர். 2001 ஜூலையில் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்கள் கைதாகி ஒன்றரை மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தனர். ஒரு கையால் அரசு தடுப்புப் பணியைத் தூண்ட, மறு கையால் அதையே குற்றமாக்கிய நிகழ்வு அது. பின்னர் 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கையருக்குமான பணிகளில் நீர்வகை ஜெல்லும் இடம்பெற்றது. 377ஆம் பிரிவிலிருந்து வயது வந்தோரின் இசைவான உறவு விலக்கப்பட்டது 2018இல்தான்.

மணமான பெண்களின் வறட்சியோ எந்தத் திட்டத்திலும் இடம்பெறாமல் இன்னும் அமைதியாகக் கிடக்கிறது. பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்றபின்னும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் ஈரம் குறைகிறது. அது விருப்பக் குறைவின் அடையாளமன்று. கலவியின்போது பூசும் மசகு அந்நேரத்து உராய்வைத் தணிக்கும். வாரத்தில் சில நாள் இடும் ஈரப்பதக் களிம்பு வேறு பொருள். வலியோ இரத்தக் கசிவோ தொடர்ந்தால் ஜெல்லால் மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்தவை வலியின் எச்சரிக்கையை அணைத்துவிடுவதால் அவற்றை ஐயுறுவது நன்று. சிலிக்கோன் வகை லேட்டெக்ஸுக்குப் பகையன்று, எளிதில் உலர்வதுமில்லை. ஆனால் சிலிக்கோன் சாதனங்களைக் கெடுக்கலாம். கருவுற விழைவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: உமிழ்நீரும் சாதாரண ஜெல்கள் பலவும் விந்தணுவின் நகர்வைத் தளர்த்துவதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் காட்டுகின்றன.

வாங்குவோர் கையிலுள்ள பெட்டியில் சவ்வூடு செறிவு எண்ணாக அச்சிடப்பட்டிருப்பது அரிது. சேர்பொருள் பட்டியலில் நீருக்கு அடுத்த இடத்தில் கிளிசரின் நிற்கிறதா, பட்டியலின் கடைசியில் நிற்கிறதா என்று பார்ப்பதே இப்போதைக்குக் கிடைக்கும் அளவுகோல்.