அகக்காழும் வெளிறும்: வேணாட்டுப் பலகைச்சுவர், மச்சு ஆகியவற்றுக்கான மரத்தேர்வு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில், தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் நுழைவோர் முதலில் அண்ணாந்து பார்ப்பர். அங்குள்ள மரவிதானத்தில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. ‘இஃது என்ன மரம்?’ என்னும் வினா அங்கு இயல்பாகவே எழும். தேக்கு என்பார் உளர். மகாகனி என்பாரும் உளர். இவ்வினாவை முன்வைத்து, வேணாட்டில் உட்சுவருக்கும் மேல்தட்டுக்கும் மரம் தேர்ந்த முறையைத் தமிழ்ச் சான்றுகளோடு ஒப்பிட்டு நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

கல்குளம் என்று வழங்கிய இவ்வூர் மார்த்தாண்டவர்மர் (1729–1758) காலத்தில் பத்மநாபபுரம் எனப் பெயர் பெற்றது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையிடமே உள்ளது. நிலம் தமிழ்நாட்டினது, கட்டடம் கேரளத்தினது என்னும் இந்நிலைக்கு ஏற்பவே அதன் கலைச்சொற்களும் இரு மொழிகளுக்கும் இடையே நிற்கின்றன.

சங்கப் பனுவலாகிய நெடுநல்வாடை, நூலிட்டுத் திசை நோக்கி மனை வகுத்ததையும், நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய நெடுநிலையையும், செம்பு போன்ற சுவரையும், அச்சுவரில் எழுதிய கொடியையும் விரித்துரைக்கிறது. அங்கே மரம் நிலையிலும் கதவிலும் நிற்க, சுவர் சாந்தாலும் ஓவியத்தாலும் அழகு பெறுகிறது. வேணாட்டு மரபோ சுவரையே மரத்தால் அமைக்கிறது. நெல் சேமிக்கும் அறையைச் சுற்றிப் பலகைச்சுவர் நிறுத்திய வீட்டைக் குமரி மாவட்டத்தில் ‘அறப்புரை’ என்பர். மலையாளத்தில் ‘அறயும் நிரயும்’ என்பர். பலகைகளை வரிசையாக நிறுத்துவதால் நிரை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் பழைய கடைகளை அடைத்த நிரைப்பலகையும் இச்சொல்லே.

மழை மிகுந்த இந்நாட்டில் மரச்சுவர் நின்றதற்குக் கூரையே முதற்காரணம். தாழ இறங்கும் இறவாரம் சாரலைத் தடுக்கிறது. கூரைக்கும் மச்சுக்கும் இடைப்பட்ட வெளியில் சேரும் வெப்பம் முகப்பின் அழிகள் வழியே வெளியேறுகிறது. அடியில் கல்தளம் இருப்பதால் நிலத்தின் ஈரம் பலகையைத் தொடுவதில்லை. ஆனாலும் மழைக்காலத்தில் பலகை தன் அகலவாட்டில் விரியும். மகரம், கும்பம் மாதங்களில் சுருங்கும். இதனை அறிந்த தச்சர் பலகையை ஆணியடித்து இறுக்காமல், சட்டத்தில் காடி வெட்டி அதனுள் இழைந்து நிற்குமாறு செருகினர். ஆகவே வீட்டைப் பிரித்து வேறிடத்தில் பூட்டவும் இயன்றது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் திருவனந்தபுரத்து நாயர் இல்லம் ஒன்றும், புதுப்பள்ளியின் சிரியன் கிறித்தவ இல்லம் ஒன்றும் இவ்வாறு பெயர்த்துக் கொணரப்பட்டு நிற்கின்றன.

இனி, மரத்தேர்வு. கேரளத் தச்சு மரபின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய மனுஷ்யாலய சந்திரிகை, திருமங்கலத்து நீலகண்டன் மூசது இயற்றிய 16ஆம் நூற்றாண்டு வடமொழி நூல். இம்மரபு மரங்களை நான்காகப் பகுக்கிறது. உள்ளே வைரம் உடையது அந்தஸ்ஸாரம், பலா இவ்வகை. புறத்தே வைரம் உடையது பஹிஸ்ஸாரம். தெங்கும் கமுகும் இவ்வகை. முழுதும் வைரமாயது ஸர்வஸாரம், தேக்கு இவ்வகை. வைரமே இல்லாதது நிஸ்ஸாரம், முருங்கை இவ்வகை.

தமிழறிந்தோர்க்கு இப்பகுப்பு புதிதன்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் அகத்தே காழ் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. நிகண்டுகள் அகக்காழை ஆண்மரம், புறக்காழைப் பெண்மரம் என்று கூறி, வெளிறை அலிமரம் என மூன்றாவதாகச் சேர்க்கின்றன. வடமொழித் தச்சு நூலின் நால்வகையுள் மூன்று இவற்றோடு அப்படியே பொருந்துகின்றன. ஸர்வஸாரம் ஒன்றே மிகுதி. எது எதனிடம் பெற்றது என்னும் வழக்கில் இறங்குவதைவிட, இலக்கண நூலார் சொன்ன பகுப்பு தச்சனின் கைக்குப் பயன்பட்ட பகுப்பாகவும் இருந்தது என்பதைக் காண்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. பனை, கமுகு முதலியவற்றில் உறுதி புறவட்டத்தில் மட்டும் உள்ளது. பிளந்தால் நீண்டு குறுகிய சிம்பு கிடைக்கும். அகன்ற பலகை கிடைக்காது. எனவே அவை கைமரத்திற்கும் பட்டியலுக்கும் ஆகும், சுவர்ப்பலகைக்கு ஆகா. பலகைக்கு அகக்காழே வேண்டும். ‘புல்’ எதற்கு, ‘மரம்’ எதற்கு என்பதை ஒரு குடிசையின் கூரையும் ஓர் அறப்புரையின் சுவரும் காட்டிவிடும்.

அகக்காழ் மரத்திலும் புறவட்டத்து வெளிறைச் செதுக்கி நீக்க வேண்டும். கறையானும் துளைவண்டும் முதலில் நாடுவது அதனையே. திருக்குறள் (503) வெளிறு என்பதை அறியாமையின் பெயராக ஆள்வதை இவ்விடத்தில் நினைக்கலாம். காழைத் தமிழகத் தச்சர் வைரம் என்பர். மலையாளத் தச்சர் காதல் என்பர்.

எந்த மரம் என்பதை உறுதி மட்டும் முடிவு செய்யவில்லை. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்குரிய மரங்களாகக் கொள்ளப்பட்டன. அரண்மனையும் கோயிலும் தேக்கைத் தாராளமாகக் கொண்டபோது, குடியானவன் வீட்டின் நிரைக்குத் தோட்டத்துப் பலாவும் அயனியும் (மலையாளத்தில் ஆஞிலி) அமைந்தன. இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அயனி நீண்ட பலகை தரும். நீரைத் தாங்குவதால் படகுக்கும் ஆவது. பலா அறுத்த அன்று மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல ஆழ்ந்த செம்பழுப்பாகும்.

மகாகனி என்னும் வழக்கிற்கு இந்நிற மாற்றமும் ஒரு காரணமாகலாம். மகாகனி மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நடு அமெரிக்காவுக்கும் உரிய மரம். அதன் கன்றுகள் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்கு வந்தது 1795இல். அதாவது பத்மநாபபுரம் தலைநகர்த் தகுதியை இழந்த அதே ஆண்டில். அரண்மனை அரசிருக்கையாக விளங்கிய காலத்தில் செதுக்கப்பட்ட விதானத்திற்கு இந்நாட்டில் விளைந்த மகாகனி கிடைத்திருக்க வழியில்லை. மலையடிவாரத்துத் தேக்கு கைக்கெட்டும் தொலைவில் இருக்கக் கடல் கடந்து மரம் தருவித்தனர் எனக் கொள்வதும் பொருந்தவில்லை. இன்று கேரளத் தோட்டங்களில் மகாகனி மலிந்திருப்பதால் அச்சொல் பின்னோக்கிச் சென்று ஒட்டிக்கொண்டது எனலாம். பழுதான பலகையை மாற்றும்போது எம்மரத்தை இடுவது என்பதை இத்தகைய பெயர்களே முடிவு செய்துவிடக் கூடும் என்பதால் இதனைச் சிறு பிழையென விட்டுவிட இயலவில்லை.

சொற்பிழைக்கு நானும் விலக்கல்லேன். களப்பணியின் தொடக்கத்தில் ‘மச்சு’ என்று கேட்டவிடமெல்லாம் ‘மாடி’ என்றே குறித்துக்கொண்டேன். தமிழில் மச்சுவீடு என்பது மாடிவீடு. மலையாளத்தில் மச்சு என்பது முதன்மையாகப் பலகை பாவிய மேல்தட்டு. மலபாரில் அது பகவதி குடிகொள்ளும் உள்ளறைக்கும் பெயர். ‘மச்சுக்கு அயனி’ என்று தச்சர் சொன்னது மாடிக்கு அன்று, தலைக்கு மேல் உள்ள பலகைக்கு என்பது பிறகே விளங்கிற்று. குறிப்பேட்டின் பாதியைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

விதானம் என்னும் சொல்லோ முதலில் துணியைக் குறித்தது. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில் மணமக்களுக்கு மேல் விரிவது நீல விதானம், அது மேற்கட்டி. அரசன் வந்தோரைக் காணும் பூமுகத்தின் மேலே பூக்கள் நிறைந்த மரத்தட்டை அமைத்தவர், விழா நாளில் கட்டி அவிழ்க்கும் பூவேலைத் துணியை நாள்தோறும் நிற்குமாறு காழில் செதுக்கினர் என்றே நான் கொள்கிறேன். பூமுகம் என்னும் பெயரும் அதற்கு இயைந்தே நிற்கிறது.